குட்டி யானையில் எவ்வளவு ஏற்றலாம்? புதிதாக லோடு வண்டி எடுத்தவர்களுக்கு

நான் வண்டி எடுத்த இரண்டாவது வாரம். நாமக்கல்லில் இருந்து சொந்தக்காரர் வீட்டு வேலைக்கு 24 மூட்டை சிமென்ட். வண்டி 750 கிலோ வகை. கடைக்காரர், "ஏத்துங்க தம்பி, வண்டி இழுக்குமுங்க" என்றார். உண்மையிலேயே இழுத்தது. இன்ஜின் ஒரு முனகல்கூட முனகவில்லை. பாலத்து ஏற்றம் ஏறி அந்தப் பக்கம் வளையும்போதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி ஒரு கணம் நேராகவே போகிறது. முன்சக்கரத்தில் பாரமே இல்லை. எதிரே யாரும் வராததால் தப்பித்தேன்.

மூட்டைக்கு 50 கிலோ, 24 மூட்டைக்கு 1200 கிலோ. மனக்கணக்கு போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். போடவில்லை. இன்ஜின் இழுப்பது வேறு, டயரும் அச்சும் பிரேக்கும் தாங்குவது வேறு என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூடுதல் பாரத்தை ஏற்றினால் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் புகார் சொல்லாது. அதனால்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலில் ஆர்சி புத்தகம்

விளம்பரத்தில் 750 கிலோ, 1250 கிலோ, ஒன்றரை டன் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி லோடு பேசாதீர்கள். ஆர்சியை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை எடுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வண்டியின் வெறும் எடை, இன்னொன்று பாரத்தோடு சேர்த்து இருக்கலாம் என்ற மொத்த எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: வெறும் எடைக் கணக்கில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள்.

உதாரணத்துக்கு மொத்த எடை 1550, வெறும் எடை 835 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 715. நீங்களும் லோடுமேனும் சேர்ந்து 130 கிலோ. இப்போது 585. வாங்கியபின் அடித்த இரும்புக் கம்பித் தடுப்பு, கேபினுக்கு மேல் கேரியர், தார்ப்பாய், கயிறு, ஜாக்கி எல்லாம் 35 கிலோ என்றால் 550. அதாவது 11 மூட்டை சிமென்ட். கடைக்காரர் 15 மூட்டை என்பார், பக்கத்து வண்டிக்காரர் 25 போடுவார். உங்கள் ஆர்சி 11 என்கிறது.

காகித விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குத் தனியாக பெர்மிட் தேவையில்லை. சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) உரிமம் வைத்திருப்பவர் 7500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எஃப்சி என்கிற தகுதிச் சான்றை மட்டும் தேதி தவறாமல் பாருங்கள். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான். எடை போட நிறுத்தச் சொல்லி நிற்காமல் போனால் 40,000. ஐந்தாறு மூட்டைக்கு அதிக வாடகை கிடைக்கிறது என்று ஆசைப்படும்போது இந்தத் தொகைகளை நினைத்துக்கொண்டால் போதும்.

சரக்கின் எடையைக் கண்ணால் அளக்காதீர்கள்

பாடியில் இடம் இருப்பதால் ஏற்றலாம் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. எம் சாண்ட் ஒரு கன அடி ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ. குட்டி யானையின் பாடி ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓரடி உயரம். சமமாக நிரப்பினால் முப்பத்தைந்து கன அடியை நெருங்கும். ஒன்றரை டன்னுக்கு மேல்! மேலே சொன்ன 550 கிலோவுக்கு எம் சாண்ட் ஏற்றினால் பாடிக்குள் நாலு அங்குல உயரம்தான் நிற்கும். பார்க்கிறவர் "பாதிகூட ரொம்பலையே" என்பார். நனைந்த மணல் என்றால் இன்னும் கனம்.

கம்பிக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க, மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தே முக்கால் கிலோ. ஐம்பது கம்பி போட்டால் 530 கிலோ தாண்டிவிடும். பாடியின் மூலையில் ஒரு சிறு கட்டாகத்தான் கிடக்கும்.

எங்கள் ஊர்ச் சரக்கான முட்டைக்கு வருவோம். ஒரு அட்டையில் 30. முட்டை ஒன்று 55 கிராம் என்றால் 400 அட்டைக்கு 660 கிலோ, அட்டையின் எடையையும் சேர்த்தால் எழுநூறை நெருங்கும். லேசான சரக்கு என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ லிட்டருக்கு ஒரு கிலோ, ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். பாதி டேங்க் இன்னும் மோசம். பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னால் ஓடும், வளைத்தால் பக்கவாட்டில் ஓடும், வண்டியும் கூடவே ஆடும். வண்டிக்குத் தாங்குமளவு டேங்க் எடுத்து, முழுதாக நிரப்பிப் போங்கள், அல்லது காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் எடை மேடைக்குப் போங்கள். முதலில் முழு வண்டியையும் எடை போடச் சொல்லுங்கள். அப்புறம் பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு தடவை. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சில் வரம்பு மீறியிருப்பது அடிக்கடி நடக்கும். பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பழகும்வரை மாதம் ஒரு தடவையாவது இப்படிச் செய்து பார்த்தால், எந்தச் சரக்கு எவ்வளவு கனக்கும் என்று கைக்கு வந்துவிடும்.

எங்கே வைப்பது

பள்ளிக்கூடத்து சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சுதான் நடுக்கட்டை. அச்சுக்குப் பின்னால் வைக்கும் எதுவும் முன்பக்கத்தைத் தூக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 200 கிலோவை வைத்தால், முன் அச்சில் இருந்து 57 கிலோ குறையும், பின் அச்சில் 257 கிலோ ஏறும். வைத்தது 200தான். எனக்கு அன்று பாலத்தில் நடந்தது இதுதான். சீக்கிரம் இறக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்கதவுப் பக்கமாகவே மூட்டைகளை அடுக்கியிருந்தேன்.

ஆகவே கனமானதைக் கீழே வையுங்கள். கேபினை ஒட்டித் தொடங்கி, பெரும்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி பரப்புங்கள். இடம் வலம் சமமாக இருக்கட்டும். ஒரே பொருள் 300 கிலோ என்றால், மோட்டாரோ கிரைண்டரோ எதுவானாலும், நடுவில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பாடித் தகட்டில் ஒரே புள்ளியில் பாரம் விழக்கூடாது.

கேபின் சுவரை ஒட்டாமல் நடுவில் வைத்தால் பிரேக் அடிக்கும்போது சரக்கு முன்னால் ஓடி இடிக்கும். ஒட்டி வைக்க முடியாதபோது இடைவெளியில் மரக்கட்டை அல்லது மூட்டை கொடுத்து அடைத்துவிடுங்கள்.

பீரோவும் ஃபிரிட்ஜும் நிறுத்தி வைத்தால் தலைக்கனம். பீரோவைக் கதவு மேலே இருக்கும்படி படுக்க வைத்துவிடலாம். ஃபிரிட்ஜைப் படுக்கவைக்கக் கூடாது என்பார்கள், அதனால் அதைக் கேபினோடு ஒட்டி நிறுத்தி இடுப்பளவில் ஒரு கட்டு, தோளளவில் ஒரு கட்டு.

நீளச் சரக்கு பற்றி: பாடிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு போவது அபராதத்துக்கு உரியது, 20,000 ரூபாய்தான் இதற்கும். நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இருட்டில் பின்னால் வரும் பைக்காரருக்கு அந்தத் துணி தெரியாது. கம்பியை வெட்டியோ மடித்தோ பாடிக்குள் அடங்கும்படி தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அது பெரிய வண்டிக்கான சரக்கு.

டயரும் ஸ்பிரிங் பட்டையும்

டயர் ஓரத்தில் 90/88 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. 90 என்றால் 600 கிலோ. பின்னால் இரண்டு சக்கரம், ஆக அச்சுக்கு 1200 கிலோதான் டயரின் கணக்கு. அதுவும் சரியான காற்று இருந்தால். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறிக் காட்டும். அதை நம்பி காற்றை இறக்கிவிடாதீர்கள். குறைந்த காற்றோடு பாரம் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, மதிய வெயிலில் தார்ச்சாலையில் வெடிக்கும். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். முதல் தடவை பஞ்சராகும்போதுதான் அது தட்டையாகக் கிடப்பது தெரியவரும் எல்லோருக்கும், எனக்கும்தான்.

பட்டறையில், "இன்னொரு பட்டை சேத்துரலாமுங்க, ரெண்டு டன் தாங்கும்" என்பார்கள். அதில் பாதி உண்மை. ஸ்பிரிங் தாங்கும், அச்சும் டயரும் பிரேக்கும் பழையபடியே இருக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு வால்வு பின் அச்சோடு கோக்கப்பட்டிருக்கும். பாடி பாரத்தில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது வேலை செய்கிறது. கூடுதல் பட்டை போட்டால் பாரம் ஏற்றியும் பாடி தாழாது. வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். முழு பாரத்தோடு பாதி பிரேக். பட்டை சேர்த்த வண்டியை வாங்கியிருந்தால் அந்த வால்வை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கட்டுவது

இந்தத் தொழிலில் நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். அவசரத்தில் கட்டிய கட்டு முதல் வேகத்தடையிலேயே தளரும்.

முன்னால் ஓடுவதைத் தடுக்கச் சரக்கின் எடையில் எண்பது சதவீதத்துக்கு ஈடான பிடிப்பும், பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் ஐம்பது சதவீதமும் வேண்டும் என்பது சரக்குக் கட்டும் முறைகளில் புழங்கும் கணக்கு. 500 கிலோ சரக்கென்றால் பிரேக் அடிக்கும் நொடியில் 400 கிலோ உங்கள் முதுகை நோக்கித் தள்ளுகிறது. கேபின் சுவர், அடைத்த கட்டைகள், கயிறு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தடுக்க வேண்டும்.

மேலே குறுக்காகப் போகும் கயிறு சரக்கைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தரையோடு உராய்வு இருந்தால்தான் அந்த அழுத்தம் பயன்படும். இரும்புத் தகட்டின்மேல் இரும்புக் கம்பி வைத்தால் வழுக்கிக்கொண்டுதான் போகும். கீழே பழைய டியூபை வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் சாக்கு. செலவில்லாத வேலை, வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நைலான் கயிறு நன்றாக இழுபடும், இழுபட்டபின் தொளதொளவென்று ஆகும். கனமான ஒற்றைப் பொருளுக்கு, கைப்பிடியால் நெம்பி இறுக்கும் ரேட்சட் பெல்ட் வாங்கிவிடுங்கள். எவ்வளவு தாங்கும் என்று அதன் சீட்டில் அச்சடித்திருக்கும். சீட்டு கிழிந்துபோன, நூல் பிரிந்த பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். கயிறானாலும் பெல்ட்டானாலும் கூரான விளிம்பில் உரசும் இடத்தில் சைக்கிள் டயர்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். கயிற்றைப் பாடியின் ஹூக்கில்தான் கட்ட வேண்டும். பின்கதவுக் கொண்டியிலோ கைப்பிடியிலோ கட்டினால் அது கதவோடு கழன்று வரும்.

கட்டி முடித்ததும் சரக்கை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். சரக்கு மட்டும் ஆடினால் கட்டு சரியில்லை. சரக்கோடு சேர்ந்து வண்டியும் ஆடினால் சரி. ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி இன்னொரு முறை இறுக்குங்கள். டீக்கடை எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால் இது மறக்காது.

தார்ப்பாயை முன்பக்க மடிப்பு மேலே வரும்படி போடுங்கள், இல்லையென்றால் காற்று உள்ளே புகுந்து உப்பிவிடும். நடுவில் குழி விழுந்தால் மழைத்தண்ணீர் தேங்கி அதுவே கூடுதல் பாரம் ஆகும்.

சரக்கின்மேல் ஆள் உட்காரக் கூடாது. "மூட்டைய புடிச்சுக்கறேனுங்க" என்று லோடுமேன் ஏறுவார். இறக்கி, கேபினில் இருக்கை இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். இருக்கை இல்லையென்றால் அண்ணன் பஸ்ஸில் வரட்டும்.

ஓட்டும்போது

நாற்பதில் இருந்து அறுபதுக்கு வேகம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு ஆகிறது. அறுபதில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். காலி வண்டியில் விடும் இடைவெளியைப்போல இரண்டு பங்கு விடுங்கள். நடுவில் பைக் புகுந்தால் கோபப்படாமல் மறுபடி பின்வாங்குங்கள். நாள் முழுக்கப் புகுவார்கள்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழையுங்கள். உள்ளே போனபின் பிரேக் அடித்தால் உயரமாக அடுக்கிய வண்டி சாயும்.

மலை ஏறுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. முதல் கியர், பொறுமை, நின்று கிளம்ப வேண்டிவந்தால் ஹேண்ட் பிரேக். லோடுமேன் கையில் ஒரு கட்டை எப்போதும் இருக்கட்டும். இறங்குவதுதான் விஷயம். கொல்லிமலைக்குக் காரவள்ளிப் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் இருந்து வாழைத்தாரோ அன்னாசியோ ஏற்றிக்கொண்டு இறங்கும் புதிய ஓட்டுநர், முதல் இருபது வளைவுவரை பிரேக்கை மிதித்தபடியே வருவார். அப்புறம் ஒரு கருகல் வாடை. அப்புறம் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் பிடித்து இழுக்கட்டும். பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள். எடுத்திருக்கும் நேரத்தில்தான் சக்கரத்தில் உள்ள பிரேக் டிரம் ஆறும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும் இன்ஜினை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்யூமும் போய்விடும், இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பெடல் பஞ்சுபோல் இறங்கினால் மிதித்து மிதித்து விடுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் கீழே தட்டுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் பள்ளத்தின் பக்கம் வேண்டாம், மலைச்சுவரில் வண்டியின் பக்கவாட்டை உரச விட்டு நிறுத்துங்கள். தகடு நசுங்கினால் டிங்கர் இருக்கிறார். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் குமிழ் விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

இறக்குவதும் திரும்புவதும்

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் சரக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள், அந்தப் பக்கம் நிற்காதீர்கள். வழியெல்லாம் குலுங்கிய மூட்டை கயிற்றின் தயவில்தான் நின்றுகொண்டிருக்கும். பின்கதவைத் திறக்கும்போதும் நடுவில் நிற்க வேண்டாம், ஓரமாக நின்று கொண்டியைத் தட்டுங்கள். பின்னால் இருப்பதை முதலில் இறக்குங்கள். முன்னால் இருப்பதை முதலில் எடுத்தால் முன்பக்கம் மறுபடி தூக்கிக்கொள்ளும்.

பாரம் இறங்கியபின் சக்கர நட்டுகளை ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், முக்கியமாக அண்மையில் பஞ்சர் ஒட்டிய சக்கரத்தில். டிரம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் வண்டி பஞ்சுபோல் ஓடும். பின்பக்கம் துள்ளும், மழை பெய்திருந்தால் சின்னப் பிரேக்குக்கே பின்சக்கரம் வழுக்கும். பாரத்தோடு போனபோது நாற்பதில் போன அதே ரோட்டில், காலியாகத் திரும்பும்போது எண்பது போகத் தோன்றும். காலில் இன்னும் பழைய அழுத்தமே இருக்கும், வண்டியில் பாரம் இருக்காது. முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாகவே வாருங்கள்.